எழுதப்படாத நாடாவின் தரம்

ஒரு நூலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அது எந்தத் தாளில் அச்சிடப்பட்டது என்று பெரும்பாலும் பேசுவதில்லை. சொல்லும் பொருளும் இருந்தால் போதும் என்பதே நம் வழக்கம். ஆனால் முப்பது ஆண்டுகள் கழித்து அந்நூலை எடுத்துப் புரட்டும்போது, பழுப்பேறி விரல் பட்டதும் ஒடிகிற தாள்தான் முதலில் பேசத் தொடங்குகிறது. வீட்டில் பதிவு செய்த ஒளிநாடாக்களின் கதையும் இத்தகையதே. கல்யாணம், காதுகுத்து, கூத்து, தொலைக்காட்சித் தொடர் என்று எதைப் பதிந்தோம் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எதில் பதிந்தோம் என்பது எவருக்கும் நினைவில்லை. கடையில் ‘எம்ப்ட்டி கேசட்’ என்று கேட்டு வாங்கிய அந்த வெற்று நாடாவின் தரத்தைப் பற்றி, காலம் கடந்த பிறகேனும் ஒருமுறை ஒழுங்காகப் பேசிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. காலம் கடந்துவிட்ட பொருளைப் பற்றி இப்போது பேசுவானேன் என்று கேட்கலாம். அன்று வாங்கும்போது பார்த்திருக்க வேண்டிய அடையாளங்களே, எஞ்சியிருப்பவற்றில் எதை முதலில் காப்பாற்றுவது என்பதை இன்று நமக்குச் சொல்லக் காத்திருக்கின்றன என்பதே நம் விடை.

தென்பெண்ணையின் வடகரையில், பாகூர் கொம்யூனில் இருக்கிறது சோரியாங்குப்பம். ஆற்றைக் கடந்தால் கடலூர் மாவட்டம். இப்பகுதி ஊர்களுக்கு டெக்கும் கேசட்டும் வந்த வழிகள் பல. 1982இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதன் பின்னாலேயே, வீடியோ கேசட் பிளேயர் என்று எவரும் சொல்லாத, ‘டெக்’ என்று மட்டுமே எல்லோரும் அழைத்த பெட்டி வந்தது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் திரும்பியவர்கள் கொண்டுவந்தனர். சென்னை பர்மா பஜாரில் வாங்கி வந்தவர்கள் உண்டு. புதுச்சேரிக்கே உரிய இன்னொரு வழி பிரான்சு. 1962 ஆகஸ்ட் 16 அன்று அதிகார மாற்ற உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களின் வழித்தோன்றல்களும், ‘சொல்தா’ குடும்பங்களும் விடுமுறைக்கு ஊர் வரும்போது, வாசனைச் சோப்புக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே பெட்டியில் இரண்டு மூன்று வெற்றுக் கேசட்டுகளையும் வைத்துக் கொண்டுவருவது வழக்கமாயிருந்தது. அன்றைக்கு அது மதிப்பான பரிசு.

ஆக, ஒரே தெருவில் நான்கு நாட்டு நாடாக்கள் புழங்கின. எல்லாம் ஒரே அளவுக் கறுப்புப் பெட்டி. எல்லாவற்றின் மேலும் வி.எச்.எஸ். என்ற முத்திரை. வெளியே ஒன்றுபோல் தெரிந்தவை உள்ளே எவ்வளவு வேறுபட்டவை என்பதைத்தான் காலம் காட்டிக்கொடுத்தது.

கேசட்டின் உள்ளே இருப்பது ஏறத்தாழ அரை அங்குல அகலமுள்ள பாலியெஸ்டர் நாடா. அதன் ஒரு பக்கத்தில் இரும்பு ஆக்சைடின் நுண்துகள்களை ஒரு பசையில் குழைத்து மெழுகியிருப்பார்கள். டெக்கின் உள்ளே 62 மி.மீ. விட்டமுள்ள உருளை ஒன்று சாய்வாக நின்று நிமிடத்துக்கு 1,500 முறை சுழல்கிறது. அதில் பொருத்திய காந்த முனைகள், மெதுவாக ஊர்ந்து செல்லும் நாடாவின் மீது சாய்கோடுகளாகப் படத்தை எழுதுகின்றன. நம் நாட்டு முறையில் ஒவ்வொரு சாய்கோட்டின் அகலமும் 49 மைக்ரான்; ஒரு மில்லிமீட்டருக்குள் இருபது கோடுகள் அடங்கிவிடும். இத்தனை நுணுக்கமான எழுத்தில், மெழுகு ஓரிடத்தில் கடுகளவுகூட அல்ல, தூசியளவு உதிர்ந்திருந்தாலும் திரையில் ஒரு வெள்ளைக் கீறல் விழும். மெழுகின் சீர்மை, பசையின் உறுதி, துகளின் நுண்மை ஆகிய மூன்றுமே நாடாவின் தரம். அட்டையில் அச்சிட்டிருந்த பூவும் பொன்வண்ண எழுத்தும் தரத்தோடு தொடர்பில்லாதவை.

டி.டி.கே., மேக்ஸெல், சோனி, ஃபியூஜி, பி.ஏ.எஸ்.எஃப். போன்ற பெயர்பெற்ற நிறுவனங்கள் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று தரங்களில் நாடா விற்றன. சாதாரணத் தரம் ஒன்று. ‘ஹை கிரேடு’ என்ற பெயரில் சற்று விலை கூடியது ஒன்று. அதற்கும் மேல் இன்னொன்று. ஒரு நிறுவனத்தின் சாதாரண நாடாவுக்கும் அதன் உயர்தர நாடாவுக்கும் இடையிலிருந்த வேறுபாட்டைப் புதிய நாடாவில் கண்ணால் காண்பது எளிதல்ல. பெயர்பெற்ற நாடாவுக்கும் பெயரற்ற நாடாவுக்கும் இருந்த வேறுபாடோ பெரிது. மொத்தச் சுருளாக நாடாவை வாங்கி, உள்ளூரில் வார்த்த பெட்டிகளில் சுற்றி, எவரோ ஒருவரின் முத்திரையை ஒட்டி விற்பது அக்காலச் சந்தையில் எங்கும் நடந்தது. வாங்குபவர் கையில் எடுத்துப் பார்த்தே பாதி தெரிந்துகொண்டிருக்கலாம். பெட்டியைக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று ஆடக் கூடாது. பின்னால் ஐந்து திருகாணிகளும் இருக்க வேண்டும். சன்னல் வழியே பார்த்தால் சுருளின் பக்கவாட்டு ஒரே மட்டமாக, செதுக்கிய கல்போல் இருக்க வேண்டும். சில சுற்றுகள் மேலெழுந்து நிற்குமானால் அது சுற்றும்போதே இழுவை தவறியது. முன்மடிப்பைத் திறந்தால் நாடாவின் முகம் கண்ணாடி போல் ஒரே பளபளப்பில் இருக்க வேண்டும். வாங்கி வந்ததும் ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிவிட்டுப் பதிவது நல்லது. இவையெல்லாம் நாடாவோடு பழகிய கைகளுக்குத் தெரிந்தவை. கல்யாண வீட்டுக்காரருக்கு எவரும் சொல்லித்தரவில்லை.

அடுத்தது நீளம். இ-180 என்றால் நம் முறையில் 180 நிமிடம். இ-240 என்றால் 240. இரண்டும் ஒரே அளவுப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். எனவே நீளம் கூடக்கூட நாடா மெலிந்தே தீர வேண்டும். இ-180இன் நாடா ஏறத்தாழ 20 மைக்ரான் தடிப்பு. இ-240இல் அது 15, 16 மைக்ரானாகிறது. மெல்லிய நாடா எளிதில் நீளும், மடங்கும், பழைய டெக்கின் உருளைகளில் சிக்கும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த டி-120 என்ற கேசட்டைப் பார்த்து இரண்டு மணி நேரம்தானே என்று ஒதுக்கியவர்களும் உண்டு. அந்நாட்டு முறையில் நாடா வேகமாக ஓடுவதால் அங்கே இரண்டு மணி. நம் டெக்கில் அதுவே மூன்று மணிக்குச் சற்றுக் குறைவாக ஓடும். எண்ணைப் படிப்பதற்கு முன் எழுத்தைப் படிக்க வேண்டும் என்பது இங்கே முதற்பாடம்.

இந்த நீளக் கணக்கு வெறும் சிக்கனக் கணக்கு அல்ல என்பதற்குக் கூத்தே சான்று. நடுநாட்டின் ஊர்களில் திரௌபதை அம்மன் விழாவின்போது நடக்கும் தெருக்கூத்து இரவு பத்துக்குத் தொடங்கினால் விடியும்வரை போகும். எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். இதைப் பதிவு செய்ய அன்று இரண்டு வழிகள் இருந்தன. மூன்று இ-180 நாடாக்களை இயல்பான வேகத்தில் ஓட்டலாம். அல்லது இரவில் ஒளிப்பதிவுக் கருவி காட்டும் படத்தை டெக்குக்குக் கொடுத்து, ஒரே ஓர் இ-240 நாடாவைப் பாதி வேகத்தில், ‘எல்.பி.’ என்ற பொத்தானை அழுத்தி, எட்டு மணி நேரத்தையும் ஒரே கேசட்டில் அடக்கலாம். இரண்டாவது வழியில் இரண்டு கேசட்டின் விலை மிச்சம். நடுவில் மாற்றும் தொல்லையும் இல்லை. ஆனால் பாதி வேகத்தில் ஓடும்போது கோட்டின் அகலமும் பாதியாகிறது. மெலிந்த நாடாவில் மெலிந்த எழுத்து. புதிதாக இருக்கும்போது குறை தெரியாது. இருபது ஆண்டுகள் கழித்து வேறொரு டெக்கில் போட்டால், அந்த டெக்கின் முனை அம்மெல்லிய கோட்டைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் தடுமாறும். படம் கிழிந்து கிழிந்து வரும். கட்டியங்காரனின் பகடிக்கு ஊரே சிரித்த ஒலி இருக்கும். அவன் முகம் இருக்காது.

சோரியாங்குப்பத்தில் நண்பர் ஒருவரின் வீட்டுப் பரணிலிருந்த பெட்டியொன்றை அவருடைய அனுமதியோடு நாங்கள் சில மாதங்களுக்கு முன் ஆராய்ந்தோம். பதினொரு கேசட்டுகள். பழுதுபார்த்துத் தேற்றிய டெக் ஒன்றையும் உடன் எடுத்துச் சென்றிருந்தோம். நான்கில் வெள்ளைப் பூசணம் சுருளின் ஓரத்தில் படர்ந்திருந்தது; அவற்றை டெக்கில் போடவே இல்லை. பெயர் தெரியாத முத்திரையுடன் இருந்த இரண்டு, ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் பழுப்புத் தூளை உதிர்த்து டெக்கின் முனையை அடைத்துவிட்டன. எஞ்சிய ஐந்தில் நான்கு பெயர்பெற்ற நிறுவனங்களின் இ-180 நாடாக்கள். அவை நான்கும் ஓடின. 1987 ஜனவரி 25 அன்று தூர்தர்சனில் தொடங்கிய ராமாயணத் தொடரின் ஒரு பகுதியும், நடுவே அக்கால விளம்பரங்களும் ஒன்றில் இருந்தன. இன்னொன்றில் ஒரு கல்யாணம். நாதசுரத்தின் ஒலி குறையின்றி வந்தது. ஒரு வீட்டுப் பெட்டியை வைத்து உலகத்துக்கு விதி சொல்ல முடியாது என்பது நமக்குத் தெரியும். ஆயினும், ஒரே பரணில், ஒரே வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்த பதினொன்றில் எவை பேசின, எவை ஊமையாயின என்ற வேறுபாடு, நாடாவின் தரத்தைப் பற்றி எந்த விளக்கத்தையும்விடத் தெளிவாகச் சொல்லிற்று.

பதினோராவது கேசட் பிரான்சிலிருந்து வந்தது. பாரிசில் நடந்த திருமணம் ஒன்றை அங்கேயே பதிந்து அனுப்பியிருந்தார்கள். அந்தக் குடும்பத்தார் அதைப் பல ஆண்டுகள் கறுப்பு வெள்ளையிலேயே பார்த்து வந்திருக்கிறார்கள். கேசட் பழுது என்று அவர்களிடம் ஒருவர் சொல்லியிருக்கிறார். பழுது கேசட்டில் இல்லை. பிரான்சில் 1967 முதல் வண்ண ஒளிபரப்புக்குப் பயன்பட்டது செகாம் என்னும் முறை. இந்தியாவில் பால் முறை. இரண்டுக்கும் கோடுகளின் எண்ணிக்கையும் நாடாவின் வேகமும் ஒன்றே என்பதால் படம் ஒழுங்காக ஓடும். வண்ணத்தை எழுதியிருக்கும் முறை வேறு என்பதால் நம் டெக்குக்கு அது மட்டும் புரியாது. மணப்பெண்ணின் கூறைப்புடவை என்ன நிறம் என்று அந்த வீட்டுச் சிறுவர்கள் கேட்டுக்கொண்டே வளர்ந்திருக்கிறார்கள். நிறம் இத்தனை காலமும் நாடாவிலேயே இருந்தது. செகாம் படிக்கத் தெரிந்த டெக் ஒன்று கிடைத்தால் இன்றும் அது வெளிவரும். வெற்று நாடாவுக்குச் செகாமும் இல்லை, பாலும் இல்லை. இரண்டுக்கும் அது ஒன்றே. எழுதும் கருவிதான் மொழியைத் தீர்மானிக்கிறது. நல்ல நாடாவில் எழுதியிருந்ததால் அந்த நிறம் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்வது மிகையாகாது.

கல்யாண வீடியோவுக்கு வருவோம். பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, சீரியல் பல்புக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்ட வீடுகளில் வீடியோவுக்கு மொத்தமாக ஒரு தொகை பேசுவார்கள். ‘கேசட்டோடு சேர்த்து’ என்று ஸ்டூடியோக்காரர் சொல்வார். எந்தக் கேசட் என்ற கேள்வி எழுந்ததே இல்லை. தோளில் ஏற்றும் பெரிய கேமராவில் ஒரு நாடாவில் எடுப்பார்கள். அதிலிருந்து வெட்டி ஒட்டி, பூக்கள் விரிந்து மணமக்கள் தோன்றும் ‘மிக்சிங்’ எல்லாம் சேர்த்து இரண்டாம் நாடாவுக்கு மாற்றுவார்கள். அதிலிருந்து வீட்டுக்குத் தரும் பிரதி மூன்றாம் நாடா. உறவினர் அதிலிருந்து ஒரு பிரதி எடுத்தால் நான்காவது. காந்த நாடாவில் ஒவ்வொரு முறை பெயர்த்து எழுதும்போதும் கூர்மை குறையும், நிறம் கசியும். ஏட்டுச்சுவடியில் பிரதி எடுப்பவர் செய்யும் பிழை போன்றது இது. மூலச் சுவடி எந்த ஊரில் இருக்கிறது என்று தேடுவதே பதிப்பாசிரியரின் முதல் வேலை. இங்கே மூல நாடா பெரும்பாலும் ஸ்டூடியோவிலேயே தங்கி, அடுத்த கல்யாணத்துக்காக அழிக்கப்பட்டது. எங்கள் நண்பர்களில் ஒருவரின் திருமணத்தை எடுத்த ஸ்டூடியோ, மூல நாடாவைக் கேட்டபோது, அதில் ஏற்கெனவே வேறொரு வளைகாப்பு ஏறிவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. அந்தக் கடையை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? இங்கிலாந்தின் பி.பி.சி.யே 1960களிலும் 70களிலும் தன் புகழ்பெற்ற தொடர்களின் நாடாக்களை அழித்து மறுபடியும் பயன்படுத்தியது. நாடாவின் விலை கண்ணுக்குத் தெரிந்தது. அதில் இருந்ததன் விலை தெரியவில்லை.

விலையை வேறுவிதமாகப் பார்த்தவர்களும் உலகில் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி 1979 முதல் 2012இல் இறக்கும்வரை, வீட்டிலிருந்தபடி தொலைக்காட்சிச் செய்திகளை இரவு பகலாகப் பதிந்தார். பீட்டாமேக்சிலும் வி.எச்.எஸ்.சிலும் ஏறத்தாழ 70,000 கேசட்டுகள். ஒளிபரப்பிய நிலையங்களே வைத்திராத பலவும் அதில் இருப்பதால் இன்று அது ஆய்வாளர்களுக்குரிய களஞ்சியமாகியிருக்கிறது. வீட்டுப் பதிவு என்பது பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்களுக்கு இது ஒன்றே போதிய மறுமொழி. நம் ஊரில் அப்படியொருவர் இல்லாமல் போகலாம். ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் அந்தக் களஞ்சியத்தின் ஒரு துண்டு இருக்கிறது.

துண்டுகள் அழிந்துகொண்டிருக்கின்றன. நாடாவுக்குத் தீயைவிட ஈரமே பகை. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் சிதறியபோது, டெக்சசில் விழுந்த சிதைவுகளுக்கு நடுவே சிறிய கேமரா நாடா ஒன்று கிடைத்தது. பெரும்பகுதி எரிந்துபோன பிறகும் சுருளின் உட்பகுதியில் 13 நிமிடக் காட்சி தப்பியிருந்தது; கல்பனா சாவ்லா அதில் இருக்கிறார். அவ்வளவையும் தாங்கிய அதே வகைப் பொருள், கடலோரத்து வீட்டுப் பரணில் எவரும் தொடாமலே மெல்லச் சாகிறது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பசை பிசுபிசுத்துப் போவதும், அதன் மேல் பூசணம் வளர்வதுமே காரணம். காப்பகங்கள் நாடாவை 18 முதல் 20 பாகை வெப்பத்தில், 30 முதல் 40 விழுக்காட்டு ஈரப்பதத்தில் வைக்கின்றன. நம் கரையோரக் காற்றின் ஈரம் ஆண்டின் பெரும்பகுதியும் அதைப்போல் இரு மடங்கு. இதற்கு மேல் புயலும் வெள்ளமும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்து கூரைகளைப் பிய்த்தெறிந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் பின்னே சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகி, பாகூர் கொம்யூனின் ஆற்றோர ஊர்களைச் சூழ்ந்தது. நெல்லும் ஆடுமாடும் போனதைக் கணக்கெடுத்தார்கள், அது முறையே. கட்டிலுக்கடியில் நனைந்த கேசட்டுக்கு எந்தக் கணக்கேட்டிலும் பத்தி கிடையாது.

எழுதும் பொருளைத் தேர்ந்து எடுப்பது நம் மரபுக்குப் புதியதா என்று பார்த்தால் இல்லை. சோரியாங்குப்பத்துக்கு அண்டையில் இருக்கிற பாகூரின் பெயரால் அறியப்படும் செப்பேடுகள் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரிலிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதை வடமொழியிலும் தமிழிலும் அவை சொல்கின்றன. ஐந்தே ஏடுகள், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றிருக்கின்றன. கல்விக்கான கொடை சந்திர சூரியர் உள்ளவரை நிற்க வேண்டும் என்று விரும்பியவர்கள் அதற்கேற்ற உலோகத்தைத் தேர்ந்தார்கள். அன்றாட எழுத்துக்குப் பனையோலை. அதிலும் முற்றிய ஓலையாகப் பார்த்து நறுக்கி, வேகவைத்து, நிழலில் உலர்த்தி, மெருகிட்டே எழுத்தாணியை எடுத்தார்கள். பழுதுபடும் பொருள் என்று தெரிந்ததால் தலைமுறைக்கு ஒருமுறை புது ஏட்டுக்குப் பெயர்த்து எழுதவும் செய்தார்கள். பெயர்த்து எழுத ஆளில்லாத ஏடுகளே செல்லுக்கு இரையாயின. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து தேடியபோது கண்டது இந்த இரண்டு விளைவுகளையும்தான். தரமான ஓலை, தக்க நேரத்தில் பிரதி என்ற இரண்டு அறிவும் நம்மிடம் இருந்தன. இருந்தும், நாடா வந்தபோது இரண்டையும் அதற்குப் பொருத்திப் பார்க்க எவரும் முனையவில்லை. கடைக்காரரும் ஸ்டூடியோக்காரரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டது சமூகம்.

இதற்கு இரண்டு மறுப்புகளை அடிக்கடி கேட்கிறோம். ஏழை எளிய வீடுகளில் விலையுயர்ந்த நாடாவை எப்படி வாங்கியிருக்க முடியும் என்பது முதலாவது. நியாயமான கேள்வி. ஆனால் சாதாரணத் தரத்துக்கும் பெயரற்றதற்கும் இருந்த விலை வேறுபாடு, ஒரு கல்யாணச் செலவில் கதம்ப மாலைக்கு ஆகும் செலவைத் தாண்டியதில்லை. தடையாக நின்றது பணத்தைவிடச் செய்தியின்மையே. எது நல்ல நாடா என்பதைத் தமிழில் எளிய முறையில் சொன்ன எழுத்து அன்று அருகியே இருந்தது. சினிமாவைப் பற்றி இவ்வளவு எழுதிய நம் பத்திரிகைகள், வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருந்த கருவியைப் பற்றி எழுதுவதை இலக்கியத்துக்குப் புறம்பானதாகக் கருதின.

இரண்டாவது மறுப்பு, சாமானியர் வீட்டுக் கல்யாண வீடியோவில் என்ன இருக்கிறது என்பது. ஒரே மாதிரியான சடங்கு, ஒரே மாதிரியான பாட்டு, கேமராவைக் கண்டு விறைத்து நிற்கும் உறவினர் என்று கேலி செய்கிறார்கள். இலக்கியம் படிக்கிறவர்கள் இப்படிச் சொல்லலாகாது. 1980களின் பாகூர்ப் பகுதிப் பெண்கள் எப்படிப் பேசினார்கள், பந்தியில் எவர் எவருடன் அமர்ந்தார்கள், எவர் தனியே நின்றார்கள், நலங்குப் பாட்டை எந்த மெட்டில் பாடினார்கள் என்பதை எழுத்தில் தேடினால் சில வரிகளே கிடைக்கும். நாடாவில் அது தன்னை அறியாமலே பதிந்து கிடக்கிறது. ஒப்பனையில்லாத வட்டார வழக்கு, மேடைக்கென்று திருத்தப்படாத கூத்து, இறந்துபோன பாட்டியின் நடை. இவை எந்த அகராதியிலும் ஏறாதவை. இலங்கையிலிருந்து சிதறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது இன்னும் கூர்மையான உண்மை. போக முடியாத ஊரில் நடந்த கல்யாணத்தைக் கனடாவிலும் பிரான்சிலும் கேசட்டிலேயே கண்டவர்கள் அவர்கள். அழிந்துவிட்ட வீட்டின் முற்றம் அந்தச் சுருளில் மட்டுமே இருக்கிறது.

காலம் குறைவு. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015இல் ஓர் எச்சரிக்கை விடுத்தது: 2025க்குள் பெயர்த்து எழுதப்படாத நாடாக்கள் பெரும்பாலும் இழந்தவையே என்றது. 2019இல் யுனெஸ்கோவும் இதே எச்சரிக்கையை உலகெங்கும் எழுப்பியது. நாடா அழிவது ஒரு பக்கம். அதைப் படிக்கும் டெக் அற்றுப்போவது மறுபக்கம். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் டெக் தயாரிப்பை நிறுத்தியதோடு புதிய டெக் என்பதே இல்லாமற்போயிற்று. அந்த எல்லை ஆண்டும் கடந்துவிட்டது. கடந்ததால் எல்லாம் முடிந்துவிட்டது என்று பொருளல்ல. சோரியாங்குப்பத்தில் ஓடிய ஐந்து நாடாக்கள் சாட்சி.

ஆகவே வரிசை வேண்டும். பெயரற்ற முத்திரை உள்ளவை, இ-240 போன்ற மெலிந்த நீள நாடாக்கள், பாதி வேகத்தில் பதிந்தவை ஆகியவற்றை முதலில் பெயர்த்தெழுத வேண்டும். அவற்றுக்குக் காத்திருக்கும் தெம்பு இல்லை. பெயர்பெற்ற இ-180 சற்றுப் பொறுக்கும். பூசணம் பிடித்ததை எந்நிலையிலும் டெக்கில் போடலாகாது. அது முனையைக் கெடுத்து, அடுத்துப் போடும் நல்ல நாடாவுக்கும் பரவும். தெரிந்தவரிடம் துப்புரவு செய்த பிறகே ஓட்ட வேண்டும். வெள்ளத்தில் நனைந்ததை வெயிலில் காயவைக்கக் கூடாது. பதிவைத் தடுக்கும் சிறு பிளாஸ்டிக் நாக்கு உடைக்கப்படாமல் இருந்தால் முதலில் அதை உடைத்துவிட வேண்டும்; தவறிப் பதிந்து அழிப்பதை அது தடுக்கும். நாடாவை முழுதும் திருப்பி, நூலைப் போல் நிறுத்தி வைக்க வேண்டும். பெயர்த்த பிரதியை இரண்டு இடங்களில் வைக்க வேண்டும்.

ஒவ்வொரு வீடும் இதைத் தனியே செய்ய இயலாது என்பதையும் உணர்ந்தே சொல்கிறோம். கொம்யூனுக்கு ஒரு நூலகத்தில், பழுதுபார்த்த டெக் இரண்டும், செகாம் படிக்கத் தெரிந்த ஒன்றும், கணினி ஒன்றும், பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவரும் இருந்தால் போதும். புதுச்சேரிக்கு அது பெருஞ்செலவன்று. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் ஓலைச்சுவடிகளையும் கோயில் நிழற்படங்களையும் பேணிவரும் ஊர் இது. அதே ஊரின் கொம்யூன்களில் நாடாக்கள் உதிர்ந்துகொண்டிருப்பது பொருந்தாத காட்சி. இலக்கிய வட்டங்கள் இதை ஒரு கோரிக்கையாக முன்வைக்க வேண்டும். கூட்டம் போட்டு நூல் வெளியிடும் சக்தியில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

கைப்பேசி வந்துவிட்டதால் இந்தப் பேச்சே பழங்கதை என்று நினைப்பவர்கள், தங்கள் பையிலுள்ள மெமரி கார்டை எடுத்து, எந்த நிறுவனத்தினது, எங்கே வாங்கியது, முத்திரை உண்மையானதா என்று ஒருமுறை பார்க்கட்டும். போலி முத்திரை ஒட்டிய கார்டுகள் இன்றும் நடைபாதையில் விற்கின்றன. இப்போதும் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை பேசுகிறார்கள். ‘ஹார்டு டிஸ்க்கோடு சேர்த்து’ என்கிறார்கள். எந்த டிஸ்க் என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுப்பது நல்லது.